பூச்சிகளின் வழியைத் தேடிய பெரியார் ஃபாபர்

முன்பின் அறியாத ஓரிடத்தில் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் விடப்பட்ட மனிதன் முதலில் யாது செய்வான்? வானத்தை அண்ணாந்து நோக்குவான். சூரியன் நிற்கும் திசையைக் கொண்டு கிழக்கு மேற்கைத் தேர்வான். எதிர்ப்படுவோரிடம் வழி கேட்பான். ஒருவரும் எதிர்ப்படாவிடின் தன் விதியை நொந்து ஒரு மரத்தடியில் அமர்வான். ஆனால், ஒரு விரல் நுனியளவே உள்ள தேனீயைக் காகிதப் பொட்டலத்தில் அடைத்து, அது கண்டறியாத ஊருக்கு எடுத்துச் சென்று விட்டால், அஃது யாரிடம் வழி கேட்கும்? எந்த வரைபடத்தைப் புரட்டிப் பார்க்கும்? இருப்பினும் அது மேலெழும்பித் தன் வீட்டை நாடிப் பறந்துவிடுகின்றது. இந்த அற்புதத்தைக் கண்டு வியந்தோர் பலர். வியந்ததோடு நில்லாது, வெயிலிலும் குளிரிலும் முழந்தாளிட்டு அமர்ந்து, அதன் காரணத்தை இயற்கையிடமே நேரிற் கேட்டவர் ஒருவர். அவரே பிரெஞ்சு தேசத்துப் பேரறிஞராகிய ழான் ஆன்றி ஃபாபர் என்பார். அவருடைய சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

ஃபாபர் 1823-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பிரான்சின் தென்பகுதியில் அவேரோன் மாகாணத்தைச் சேர்ந்த சேன் லேயோன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெற்றோர் மிக்க வறியர். ஒரு வாயேனும் குறையட்டும் என்று குழந்தையை மலைப்புறத்திலிருந்த பாட்டனார் பாட்டியார் வீட்டிற்கு அனுப்பினர். ஆடுமாடுகளும் பனியும் புல்வெளியுமே அங்கு அவருக்குத் துணை. அக்காலத்தில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தி அவருடைய வாழ்நாள் முழுமைக்கும் முன்னுரை போன்றது. ஐந்தாறு வயதுச் சிறுவனாகிய அவர் ஒருநாள் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு சூரியனை நோக்கி நின்றார். இவ்வொளியை நான் கண்ணால் காண்கின்றேனா, அன்றி வாயால் காண்கின்றேனா என்றோர் ஐயம் அவருக்கு உண்டாயிற்று. வாயை அகலத் திறந்து கண்களை மூடினார், ஒளி மறைந்தது. கண்களைத் திறந்து வாயை மூடினார், ஒளி தோன்றிற்று. மீண்டும் செய்து பார்த்தார், முடிவு மாறவில்லை. கண்ணாலேயே காண்கின்றோம் என்று உறுதி கொண்டு, அன்றிரவு தம் கண்டுபிடிப்பைக் குடும்பத்தார்க்கு அறிவித்தார். பாட்டி ஒருத்தி புன்னகை செய்தாள். ஏனையோர் கொல்லெனச் சிரித்தனர். எந்தப் புலனால் எதனை அறிகின்றோம் என்ற அவ்வினாவையே பின்னர் அவர் எறும்பிடத்தும் தேனீயிடத்தும் அந்துப்பூச்சியிடத்தும் அறுபது ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

இளமையில் அவரே வழி தெரியாத பயணியாக இருந்தார். தந்தையார் ஊர்தோறும் சிறு காப்பிக்கடை வைத்து, வைத்த இடந்தோறும் நஷ்டமடைந்தார். ரோடெஸ், துலூஸ், மொம்பெலியே என்று குடும்பம் ஊர் ஊராக அலைந்து, கடைசியில் ஒவ்வொருவரும் தம் வயிற்றைத் தாமே கழுவிக்கொள்ள வேண்டிய நிலை வந்தது. பள்ளியில் லத்தீன் பயின்ற சிறுவன் பொக்கேர் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றான். இருப்புப்பாதை வேலையிற் கூலியாளாக மண் சுமந்தான். எனினும் கல்வி வேட்கை தணிந்திலது. அவிஞோன் நகரத்து ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையின் உபகாரச் சம்பளப் பரீட்சையில் முதல்வராகத் தேறி, 1842-ல் கார்ப்பந்திராஸ் என்னும் ஊரில் பள்ளி ஆசிரியரானார். ஆண்டொன்றுக்கு 700 பிராங்கே சம்பளம்.

அவ்வூரிலேதான் அவருடைய வாழ்க்கைப் பாதை திரும்பிற்று. மாணாக்கர்க்கு நில அளவை கற்பிக்க வேண்டி அவர்களைத் திறந்த வெளிக்கு அழைத்துச் செல்வது அவர் வழக்கம். சங்கிலியும் கோல்களும் கொண்டு தூரத்தையும் கோணத்தையும் அளக்கச் சென்ற பிள்ளைகள், இடையிடையே குனிந்து கற்களைப் பொறுக்கி, வைக்கோற் குழலால் எதையோ உறிஞ்சுவதைக் கண்டார். விசாரித்தபோது, கல்லின்மேல் மண்ணும் உமிழ்நீரும் குழைத்துக் கூடு கட்டும் ஒருவகைக் கரிய தேனீயின் தேன் அது என்று தெரிந்தது. கட்டட வேலை செய்யும் அத்தேனீயைக் கொத்தன் தேனீ எனலாம். அதன் பெயரும் வரலாறும் அறிய விரும்பி, ஒரு மாதச் சம்பளத்தை முழுவதும் கொடுத்துப் பூச்சிகளைப் பற்றிய ஒரு பெரிய நூலை வாங்கினார். அம்மாதம் வீட்டில் எவ்வாறு அடுப்பெரிந்தது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அன்று நிலத்தை அளக்கப் போன ஆசிரியர், அந்நிலத்தில் தேனீ எங்ஙனம் வழி அளக்கின்றது என்று பின்னாளில் உலகிற்கு எடுத்துரைக்கலானார்.

1849-ல் கோர்சிக்காத் தீவின் அழாக்சியோ நகரத்தில் பௌதிக ஆசிரியராகி, அங்கே மலேரியாக் காய்ச்சலால் வருந்தி, 1853-ல் அவிஞோன் நகரத்துக் கலாசாலைக்கு மாறிவந்தார். அங்குப் பதினேழு ஆண்டு பணிபுரிந்தும் அவருக்குப் பதவி உயர்வு கிட்டவில்லை. பெருகிவந்த குடும்பத்தைக் காக்கும் பொருட்டு, மஞ்சிட்டி இனத்துச் செடி வேரிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கும் முறையொன்றை ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செம்மைசெய்தார். அம்முயற்சி பலன் தரும் சமயத்தில், 1868-ல் ஜெர்மானிய ரசாயனிகள் அச்சாயத்தைக் கரியெண்ணெய்ப் பொருளிலிருந்தே ஆக்கிவிட்டனர். அவர் கட்டிய மனக்கோட்டை ஒருநாளில் இடிந்தது.

அதே காலத்தில், கல்வி மந்திரியாயிருந்த விக்தோர் துருயி என்பவரின் ஆதரவில், பெண்களுக்கும் இயற்கை விஞ்ஞானம் கற்பிக்கும் மாலை வகுப்புகளை ஃபாபர் நடத்தி வந்தார். மலர்களிற் கருவுறுதல் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை இளம்பெண்கள் முன்னிலையில் விளக்கினார் என்பது சிலருக்குப் பெருங்குற்றமாகத் தோன்றியது. கூச்சல் கிளம்பிற்று. அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரிகள் வீட்டைக் காலிசெய்யும்படி நோட்டீஸ் அனுப்பினர். 1870-ல், கையிற் பணமும் தலைக்குமேற் கூரையும் இன்றி, மனைவி மக்களுடன் தெருவில் நிற்கும் நிலை நேர்ந்தது. அவ்வேளையில் அவருக்கு உதவியவர், அவிஞோன் நகரில் வாசம் செய்துவந்த ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில். செடிகொடிகளை ஆராய்வதில் இருவரும் தோழர். மலையிலும் வயலிலும் ஒருங்கே திரிந்தவர். மில் 3000 பிராங்கு கடனாக அளித்தார். பத்திரம் எதுவும் எழுதி வாங்கவில்லை. ஃபாபர் ஆரஞ்சு என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்து, பாடப்புத்தகங்கள் எழுதிப் பொருளீட்டி, அக்கடனைத் தீர்த்தார்.

இந்நாட்களில் நிகழ்ந்த ஒரு மலைப்பயணம் நம் பொருளுக்கு மிகப் பொருத்தமானது. 1865-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நண்பர் சிலருடன் வாந்து மலையுச்சிக்கு அவர் ஏறினார். அம்மலைக்கு அஃது அவருடைய இருபத்துமூன்றாவது யாத்திரை. உச்சியை அணுகிய வேளையில் முகிற்கூட்டம் சூழ்ந்துகொண்டது; இரண்டடி தூரத்திலுள்ள பொருளும் தெரியவில்லை. வடபுறம் செங்குத்தான பாதாளம். தென்புறமே இறங்குதற்குரிய சரிவு. அங்குமிங்கும் திரும்பியதில் எது வடக்கு, எது தெற்கு என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை. அப்போது ஃபாபர், மழை எத்திசையிலிருந்து வந்துகொண்டிருந்தது என்பதை முதலில் நினைவுகூர்ந்தார். பின்னர் ஒவ்வொருவரும் தம் உடையைத் தடவி எப்பக்கம் மிகுதியாக நனைந்துள்ளது என்று பார்க்கும்படி செய்தார். நனைந்த பக்கத்தைக் கொண்டு திசையைத் தேர்ந்து, கைகோத்துக் கீழிறங்கினர். அவர்கள் நாடிச் சென்ற இடையர் குடிசையோ இருளில் மறைந்திருந்தது. மனிதரும் கால்நடையும் தங்கும் இடத்தருகே காஞ்சொறி முதலிய சில பூண்டுகள் செழித்து வளர்வது இயல்பு. ஆகவே, ஒரு கையால் தரையைத் துழாவிக்கொண்டே சென்றனர். காஞ்சொறி கையிற் சுருக்கெனக் கடித்தபோது வருந்தாது மகிழ்ந்தனர். குடிசை அண்மையில் உண்டென்பதற்கு அதுவே சாட்சி. மனிதன் வழி கண்டுபிடிக்கும் முறை இஃது: நினைவு, அடையாளம், அனுமானம் என்னும் மூன்றின் கூட்டு. பூச்சிக்கும் இம்மூன்றும் உண்டா, அன்றி நமக்கில்லாத வேறொரு புலன் உண்டா என்பதே அவரை விடாது பற்றிய வினாவாயிற்று.

1877-ல் அவருடைய புதல்வன் ழூல் பதினாறாம் வயதிற் காலமானான். தந்தையின் ஆராய்ச்சியில் உடனுழைத்த அறிவுடைச் செல்வன் அவன். அத்துயரால் உடல் தளர்ந்து தாமும் மரணத்தின் வாயிலை எட்டிப்பார்த்து மீண்டார். 1879-ல் செரிஞான் என்னும் கிராமத்தில் கல்லும் முள்ளுமாய்க் கிடந்த ஒரு தரிசு நிலத்தை வீட்டோடு வாங்கினார். உழவர் கைவிட்ட அத்தகைய நிலத்திற்கு அப்பக்கத்தில் ஆர்மாஸ் என்று பெயர். வண்டும் குளவியும் தேனீயும் விரும்பும் அப்பூமியே அவருக்குச் சுவர்க்கமாயிற்று. தம் ஆராய்ச்சிகளைப் பூச்சியியல் நினைவுகள் என்னும் பெயரால் அவ்வாண்டிலேயே வெளியிடத் தொடங்கினார்; அஃது 1907 வரையில் பத்துத் தொகுதிகளாக வளர்ந்தது.

முதல் தொகுதியிலேயே வீடு திரும்பும் பூச்சிகளைப் பற்றிய சோதனைகள் காணப்படுகின்றன. கார்ப்பந்திராஸ் பக்கத்து மண்கரையொன்றில் வளை தோண்டி வாழும் ஒருவகை வேட்டைக் குளவிகளில் ஒன்பதைப் பிடித்து, முதுகில் வெண்புள்ளி இட்டு, இருண்ட பெட்டியில் அடைத்து, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தூரத்திலுள்ள நகரத்திற்குக் கொண்டுசென்றார். காட்டுவாசிகளாகிய அவை நகரத்தைக் கண்டறியா. மறுநாட் காலையில் வீதி நடுவே அவற்றை விடுத்தபோது, அவை வீடுகளின் கூரைக்குமேல் எழும்பிப் பறந்தன. அதற்கடுத்த நாள் கரையிற் சென்று பார்க்க, ஒன்பதில் ஐந்து தம் வளையில் வேலை செய்துகொண்டிருந்தன.

இந்நூலை ஆங்கில நாட்டிலிருந்து மிக்க கவனத்துடன் படித்தவர் சார்லஸ் டார்வின். ஃபாபரை ஒப்பற்ற கூர்நோக்காளர் என்று தம் பெருநூலிற் பாராட்டியவர் அவர். உயிரினங்கள் படிப்படியாக மாறித் தோன்றின என்ற டார்வினின் கொள்கையை ஃபாபர் ஒப்பவில்லை. இறுதிவரை மறுத்தே வந்தார். ஆயினும் அக்கருத்து வேற்றுமை அவர்களுடைய நட்பிற்கு இடையூறாகவில்லை. 1880-ம் ஆண்டின் தொடக்கத்தில் டார்வின் ஒரு கடிதம் எழுதி, புதிய சோதனையொன்றைத் தெரிவித்தார். எடுத்துச் செல்லும்போது தான் எத்திசையில் எவ்வளவு திருப்பப்பட்டது என்பதைப் பூச்சி எவ்வாறோ உணர்ந்து கணக்கிட்டுக்கொள்ளலாம் அல்லவா? ஆகையால் முதலில் அதை நேர் எதிர்த்திசையில் சிறிது தூரம் கொண்டுபோய், அங்கே சுழற்றி மயக்கி, பின்னர் உரிய திசைக்குத் திரும்பிக் கொண்டுசெல்லுதல் நலம் என்பது அவர் கருத்து. நாட்டுப்புறத்தாரும் பூனையை ஊர்விட்டு ஊர் கடத்துங்கால் அதைச் சாக்கிலிட்டுச் சுழற்றுவது வழக்கமென்பதை ஃபாபர் அறிவார். மேதையும் பாமரனும் ஒரே எண்ணத்திற் கூடியது அவருக்கு வியப்பளித்தது.

அவ்வாண்டு மே மாதத்தில் ஓட்டுக்கூரையின்கீழ்க் கூடுகட்டும் கொத்தன் தேனீக்களைப் பிடித்து, நிறப்புள்ளியிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதச் சுருளில் அடைத்து, ஒரு பெட்டியில் வைத்து, அதைக் கயிற்றிற் கட்டிக் கவண்போற் சுழற்றினார். எதிர்த்திசையில் நடந்து சுழற்றினார், திரும்பி வந்து சுழற்றினார், விடுமிடத்திலும் சுழற்றினார். பாதைச் சந்தியில் நின்ற சிலுவையின் அடியில் முதியவரொருவர் பெட்டியைத் தலைக்குமேற் சுழற்றும் கோலத்தைக் கண்ட கிராமத்துப் பெண்ணொருத்தி, இவர் ஏதோ மந்திர வேலை செய்கின்றார் என்று கருதியிருப்பாள். அறிவைத் தேடுவோர்க்கு ஊரார் நகை புதிதன்று. பாட்டி வீட்டில் சூரியனை வாயாற் பார்க்க முயன்ற நாளிலேயே அவர் அதற்குப் பழகிவிட்டார்.

முடிவு யாது? வீட்டிற் கூடுகளைக் காவல் புரிந்த மகள், ஒன்றன்பின் ஒன்றாகப் புள்ளியிட்ட தேனீக்கள் வந்துசேர்வதைக் கண்டாள். சோதனையைப் பலமுறை திருப்பிச் செய்தார். இடையே குன்றும் காடும் மறைக்கும்படியான இடங்களிலும் விட்டுப் பார்த்தார். சுழற்றினாலும் சுழற்றாவிடினும், பத்தில் மூன்று அல்லது நான்கு திரும்பின. ஆகவே, சுழற்சி அவற்றை மயக்கவில்லை என்று தெளிந்தது. டார்வின் அடுத்ததாக, காந்த சக்தியை அவை உணர்கின்றனவோ என ஐயுற்று, காந்தமேற்றிய சிறு ஊசியைத் தேனீயின் முதுகில் பொருத்திப் பார்க்குமாறு யோசனை கூறினார். ஊசி பொருத்திய தேனீ நிலைதடுமாறிப் புரண்டு பறந்தது. காந்தத்தின் வலிமையே இது என்று வேறொருவர் மகிழ்ந்து எழுதியிருப்பார். ஃபாபரோ, ஊசிக்குப் பதிலாக அதே அளவான வைக்கோல் துண்டை மற்றொரு தேனீயின் முதுகில் ஒட்டினார். அதுவும் அவ்வாறே தடுமாறிற்று. தடுமாற்றத்திற்குக் காரணம் காந்தமன்று, முதுகிலேறிய சுமையே என்று விளங்கியது. தமக்கு உவப்பான விடையையும் ஐயுற்றுச் சோதிக்கும் இக்குணத்தையே நாம் விஞ்ஞான நேர்மை என்கின்றோம்.

இம்முடிவுகளை டார்வினுக்கு எழுதும் கடிதமாகவே வெளியிட அவர் எண்ணியிருந்தார். கடிதம் முடிவதற்குள், 1882-ம் ஆண்டு ஏப்ரல் 19-ம் நாள் டார்வின் உலக வாழ்வை நீத்தார். வினாவை அனுப்பியவர் விடையைக் காணாமலே மறைந்தார். ஃபாபர் கடித நடையை மாற்றிப் பொதுக் கட்டுரையாக அதை வெளியிட்டார். தம்மோடு கொள்கையில் மாறுபட்டவருக்காக இத்துணை உழைத்து, அவர் மறைவிற்கு இத்துணை வருந்திய உள்ளத்தின் பெருமையை என்னென்பது!

பூனைகளும் அவருடைய ஆராய்ச்சிக்குத் தப்பவில்லை. ஆரஞ்சு நகரினின்று செரிஞானுக்குக் குடிபெயர்ந்தபோது கிழட்டுப் பூனையொன்றைக் கூடையில் அடைத்துக் கொண்டுவந்தனர். இடைவழி ஏறத்தாழ 7 கிலோமீட்டர். சில நாளில் அது மறைந்தது. பழைய வீட்டில், வயிற்று மயிர் நனைந்து செம்மண் ஒட்டிய கோலத்தில் காணப்பட்டது. இடையில் ஓடும் எய்க் ஆற்றைக் கடக்கப் பாலம் இருந்தும், அது பாலத்தை நாடாது, தண்ணீரை வெறுக்கும் தன் சாதிக் குணத்தையும் மறந்து, நேர்வழியே ஆற்றில் இறங்கி வீட்டை அடைந்திருக்கின்றது.

எல்லாப் பிராணிகளும் ஒரே முறையில் வழி காண்பதில்லை என்பதைச் செவ்வெறும்புகள் அவருக்குக் கற்பித்தன. இவை தம் குஞ்சுகளைத் தாமே வளர்க்க அறியாதவை. கருவெறும்புப் புற்றைக் கொள்ளையிட்டு, அங்குள்ள கூட்டுப்புழுக்களைக் கவர்ந்துவந்து, அவை வளர்ந்தபின் வேலைக்காரராக வைத்துக்கொள்ளும். கொள்ளைக்குப் புறப்படும்போது எங்ஙனம் வளைந்து வளைந்து சென்றனவோ, அதே வழியிலேயே, அடி பிசகாது திரும்பும். ஒருமுறை அப்படை அவருடைய தோட்டத்து மீன் தொட்டியின் விளிம்பின்மேற் சென்றது. வாடைக்காற்று வரிசை வரிசையாக எறும்புகளைத் தண்ணீரில் தள்ள, மீன்கள் விழுங்கின. இரண்டடி தள்ளி நடந்தால் ஆபத்தில்லை. ஆயினும், திரும்புங்காலும் அவ்விளிம்பின்மேலேயே வந்து, கொள்ளைப்பொருளோடு மீண்டும் நீரில் வீழ்ந்தன.

இவ்வழியை அவை மோப்பத்தால் அறிகின்றனவா, கண்ணால் அறிகின்றனவா? இதோ பழைய வினா புதிய உருவத்தில் வந்துவிட்டது! லூசி என்னும் அவருடைய சிறு பேத்தி எறும்புப் படைக்குக் காவற்காரி. படை புறப்பட்டதும், கதையிற் கேட்ட சிறுவனைப்போல, அவள் வழிநெடுகிலும் வெள்ளைக் கூழாங்கற்களை இட்டு அடையாளம் செய்வாள். பின்னர்ப் பாட்டனார் தம் சோதனையைத் தொடங்குவார். ஓரிடத்தில் துடைப்பத்தால் வழியைப் பெருக்கி வேறு மண் தூவினார். எறும்புகள் அங்கே வந்து தயங்கிச் சிதறின. ஆயினும் சிறிது நேரத்திற் கடந்தன. மற்றொரு நாள் குழாய்நீரைப் பாய்ச்சி வழியைக் கழுவினார். துரும்பையும் இலையையும் தெப்பமாகக் கொண்டு கடந்தன. புதினாத் தழையைத் தேய்த்து வாசனையை மறைத்தார். சிறிதே தயங்கிச் சென்றன. கடைசியில், வாசனையை மாற்றாமல் தோற்றத்தை மட்டும் மாற்ற எண்ணி, அகன்ற செய்தித்தாள்களை வழியின் குறுக்கே விரித்தார். அப்போதுதான் எறும்புகள் மிகவும் குழம்பின. முன்னும் பின்னும் ஓடிப் பலமுறை முயன்ற பின்னரே கடந்தன. மஞ்சள் மணலைப் பரப்பியபோதும் அவ்வாறே. ஆகவே, இவ்வெறும்பிற்கு வழிகாட்டி மூக்கன்று, கண்ணும் இடத்தைப் பற்றிய நினைவுமே என்று முடிவுசெய்தார். ஒரே முறை சென்ற பாதையையும் அது மறப்பதில்லை. செல்லாத பக்கத்தில் சில அடி தள்ளி விட்டாலோ, வழி தெரியாது திகைக்கின்றது.

இனி, தலைவனைத் தொடர்வதொன்றையே அறிந்த பிராணியின் கதியைப் பாருங்கள். பைன் மரத்துக் கம்பளிப்புழுக்கள் ஒன்றன் வாலை ஒன்று தலையால் தொட்டுக்கொண்டு, மெல்லிய பட்டு நூலை வழியில் இழைத்தவாறு ஊர்வலம் செல்வன. 1896-ம் ஆண்டு ஜனவரி 30-ம் நாள் அவை ஒரு பெரிய செடித்தொட்டியின் வாய்விளிம்பில் ஏறின. முதற்புழு கடைசிப் புழுவைச் சேர்ந்து வட்டம் முடிந்ததும், ஃபாபர் மற்றப் புழுக்களை அகற்றி, ஏறிவந்த நூலையும் துடைத்துவிட்டார். தலைவனும் இல்லை, தொண்டனும் இல்லை. ஒவ்வொன்றும் முன்னுள்ளதைப் பின்பற்றியது. விளிம்பின் சுற்றளவு 1.35 மீட்டர். அருகிலேயே உணவு வைத்திருந்தும், பகலிற் சுற்றி, இரவுக் குளிரில் விறைத்து, மீண்டும் சுற்றி, ஏழு நாட்கள் கழித்தன. 84 மணி நேர நடையில் 335 சுற்றுகள், அதாவது 453 மீட்டர் நடந்தும், புறப்பட்ட இடத்திலேயே இருந்தன என்று அவர் கணக்கிட்டார். பசியாலும் களைப்பாலும் வரிசை குலைந்து, வழிதவறிய சில புழுக்கள் கீழே இறங்க முயன்றதனாலேயே, ஏனையவும் உயிர் தப்பின. வழி தவறுதலும் ஒரோவழி வழி காண்பதற்குக் காரணமாகும் போலும்!

ஃபாபருடைய முடிவுகளுள் காலத்தை வென்றவையும் உண்டு. திருத்தம் பெற்றவையும் உண்டு. செவ்வெறும்பு கண்ணை நம்பியே மீளுகின்றது என்றது பிற்கால ஆராய்ச்சியால் வலுப்பெற்றது. ஆயினும் வேறு பல எறும்பினங்கள் தரையில் இட்ட வாசனைத் தடத்தைப் பின்பற்றுவன என்பதும் தெளிவாயிற்று. கம்பளிப்புழுவைப் பட்டு நூலைக்காட்டிலும் முன்செல்லும் புழுவின் மயிர்த் தீண்டலும் உடலினின்று படியும் வாசனைப் பொருளுமே மிகுதியும் நடத்துகின்றன என்று பின்வந்தோர் கண்டனர். கொத்தன் தேனீக்கு நாமறியாத ஒரு தனிப்புலன் உண்டென்று அவர் கருதியிருந்தார். டச்சு அறிஞர் டின்பெர்கென் 1930-க்குப் பின்னைய ஆண்டுகளில், குளவியின் வளையைச் சுற்றிப் பைன் காய்களை வட்டமாக அடுக்கி, அது வெளியே சென்றபின் அவ்வட்டத்தை இடம் மாற்றினார். திரும்பிய குளவி வளையை விடுத்து வட்டத்தின் நடுவிலேயே தேடிற்று. கார்ல் ஃபான் பிரிஷ் என்பார் தேனீ சூரியனைத் திசைகாட்டியாகக் கொள்வதையும், சூரியன் மறைந்த வேளையில் நீல வானத்து ஒளியின் அமைப்பிலிருந்தே திசையறிவதையும் நிறுவினார். இவ்விருவருக்கும் 1973-ல் நோபெல் பரிசு கிடைத்தது. பாலைவனத்து எறும்பு தன் அடிகளையே ஒருவகையில் எண்ணிக்கொண்டு தூரத்தை மதிப்பிடுகின்றது என்பது 2006-ல் வெளியாயிற்று. கால்களுக்கு நீட்சி பொருத்திய எறும்பு வீட்டைக் கடந்து சென்றது. கால் குறைக்கப்பட்ட எறும்பு வீட்டிற்கு முன்னரே நின்றது. காந்த சக்தியைப் பற்றிய டார்வினின் ஐயமும் வீணன்று. சில பறவைகளும் பிற பிராணிகளும் பூமியின் காந்தத்தை உணர்வதற்குப் பிற்காலத்தில் சான்றுகள் கிடைத்துள்ளன. இவ்வழியெல்லாம் பின்னாளில் பலர் நடந்தனர். அதில் முதற்கூழாங்கற்களை இட்டவருள் ஃபாபர் ஒருவர்.

அவருடைய முதுமையிலும் வறுமை விட்டபாடில்லை. முதல் மனைவியை இழந்து, 1887-ல் மறுமணம் செய்து, மீண்டும் குழந்தைகளை வளர்க்கலானார். நூல்கள் புகழ் தந்தன; பொருள் தரவில்லை. 1910-ல் நண்பர்கள் செரிஞானில் விழா எடுத்த பின்னரே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 1913-ல் பிரெஞ்சுக் குடியரசின் தலைவர் புவான்காரே அவருடைய இல்லத்திற்கே வந்து மரியாதை செலுத்தினார். 1915-ம் ஆண்டு அக்டோபர் 11-ம் நாள், ஐரோப்பாவில் பெரும்போர் நிகழ்ந்துகொண்டிருந்த வேளையில், தம் தொண்ணூற்றோராம் வயதில் அவர் காலமானார். அவருடைய ஆர்மாஸ் தோட்டம் பின்னர் அரசாங்கத்தின் வசமாகிக் காட்சிசாலையாகப் பேணப்பட்டது.

மாணாக்கராகிய நாம் இச்சரித்திரத்தால் அறிய வேண்டுவது யாது? ஃபாபரிடம் பெரிய ஆராய்ச்சிக்கூடம் இல்லை. விலையுயர்ந்த கருவிகள் இல்லை. ஒரு பெட்டி, ஒரு கயிறு, சிறிது சாயம், ஒரு துடைப்பம், ஒரு பழைய செய்தித்தாள், ஒரு குழந்தையின் கைநிறையக் கூழாங்கல் — இவையே அவருடைய சாதனங்கள். இவற்றைக் கொண்டு உலகம் அதுகாறும் கேளாத வினாக்களை அவர் கேட்டார். நம் வீட்டுச் சுவரிலும் குளவி கூடு கட்டுகின்றது. நம் முற்றத்திலும் எறும்பு சாரை வைத்துச் செல்கின்றது. அவற்றை நாம் ஆயிரமுறை கண்டிருக்கின்றோம். ஒருமுறையேனும் நின்று நோக்கினோமா? தொட்டியின் விளிம்பில் முன்னவனைப் பின்னவன் தொடர்ந்து சுற்றிக்கொண்டிருப்பது கல்வியன்று. வரிசையை விட்டுச் சற்றே விலகித் தன் கண்ணால் தானே பார்க்கத் துணிவதே கல்வி. சூரியனை நோக்கி வாயைத் திறந்து நின்ற அம்மலைநாட்டுச் சிறுவன் அத்துணிவைத் தன் கடைசி நாள்வரை இழக்கவில்லை.